பட்டினி ட்யூப்

கைய எடுத்தா மெஷின் நின்னுடும். எடுக்கலேன்னா என் கை செத்துடும். ட்யூபைப் போட்டுச் சுத்துற இந்தச் சவத்து சென்ட்ரிஃப்யூஜுக்கு ஒரு மூடி இருக்கு, மூடிக்கு ஒரு பூட்டு இருக்கு, பூட்டுக்குள்ள ஒரு சென்சார் இருக்கு, அந்த சென்சாருக்கு மட்டும் மூடி மூடியிருக்குன்னு நம்பிக்கை வரமாட்டேங்குது. அதனால இடது மூலையில உள்ளங்கைய வச்சு அமுக்கிகிட்டே நிக்கணும். சுத்தி முடியுற வரைக்கும் நிக்கணும். கை கொஞ்சம் லேசாச்சுன்னா பீப்புன்னு ஒரு சத்தம், சிவப்பு விளக்கு, ரோட்டர் அப்படியே முனகிகிட்டு இறங்கிப்போயிடும், மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். சென்னையில இருந்து ஒரு இன்ஜினியர் வந்தாரு, குனிஞ்சு பாத்தாரு, போர்டு மாத்தணும்னாரு, டீ குடிச்சாரு, போயிட்டாரு. அந்தப் போர்டு எந்தக் கப்பல்ல வருதோ தெரியல. ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனமும் குங்குமமும் மட்டும் மூடி மேல காஞ்சு ஒட்டிகிட்டு இருக்கு, எல்லா மரியாதையும் வாங்கிகிட்டுத்தான் இப்படிப் பண்ணுது. ரெஹானா இருந்தா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அமுக்குவோம், அவ பெஞ்சு என் பெஞ்சுக்கு அடுத்தது, எனக்கு ஒரு வருஷம் பின்னால சேந்தவ. அவ கொழுந்தன் கல்யாணத்துக்குப் போயிட்டா. சனிக்கிழமை மத்தியானம், டிப்பார்ட்மென்ட்ல ஈ காக்கா இல்ல, ஏசிய வேற நிறுத்திட்டுப் போயிட்டாங்க, ஆட்டோகிளேவ் குக்கர்ல வெந்த பாக்டீரியாத் தீனி வாடை பழைய கஞ்சி மாதிரி அறை முழுக்க நிக்குது. முதுகுல வேர்வை இறங்குது. சொறிய ஒரு கை இருக்கு, ஆனா எட்டல. எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு.

உள்ளே மூணு ட்யூப் சுத்துது. நாலாவதுல வெறும் தண்ணி, எடை சமமா நிக்கணும்னு போட்டது. மூணுலயும் ஒரே ஈ. கோலை பாக்டீரியாதான், ஒரே குடுவையில நேத்து வளந்ததுங்க. முதல் ட்யூப் பட்டினி. காலையில அதைச் சுத்தி, பாக்டீரியாவெல்லாம் அடியில உருண்டையா இறங்கினதும் மேல நின்ன சத்துத்தண்ணிய வடிச்சுக் கொட்டிட்டு, கழுவி, திரும்பவும் சுத்தி, சர்க்கரையே இல்லாத வெறும் உப்புத்தண்ணியில கலக்கி விட்டேன். ரெண்டாவது ட்யூப் நாலு வருஷமா நாங்க வச்சுக்கிட்டு இருக்கிற கண்ட்ரோல், பட்டினிக்காரனோட ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு. அதுக்குக் காலையில சுத்தும் கிடையாது, கழுவலும் கிடையாது, அதுபாட்டுக்குச் சர்க்கரைத்தண்ணியில சொகுசா கிடக்கும். மூணாவதுதான் இன்னைக்குப் புதுசு. மூணாவதையும் பட்டினி ட்யூப் மாதிரியே சுத்தி, வடிச்சு, கழுவி, திரும்பச் சுத்தி, அத்தனை பாடும் படுத்திட்டு, கடைசியில சர்க்கரை போட்ட தண்ணியில விட்டேன். எல்லா அவதியும் உண்டு, பட்டினி மட்டும் இல்ல. பட்டினி வந்தா முழிக்குதுன்னு நாங்க சொல்ற ஜீனோட சுவிட்சை வெட்டி எடுத்து, பச்சையா ஒளி விடுற ஒரு புரதத்துக்கு முன்னால ஒட்டி வச்சிருக்கோம். சுவிட்ச் ஆன் ஆச்சுன்னா பாக்டீரியா நீல விளக்குல பச்சையா எரியும், ஆகலேன்னா எரியாது. பட்டினியாலதான் எரியுதுன்னா முதல் ட்யூப் மட்டும் எரியணும். மூணாவதும் சேந்து எரிஞ்சுதுன்னா, எரிய வச்சது பட்டினி இல்ல, நாங்க போட்ட சுத்து. அவ்வளவுதான் விஷயம். இதைப் புரிஞ்சுக்க பி.எச்டி. வேண்டாம், ஆனா இதைச் செய்ய எனக்கு நாலு வருஷம் ஆயிருக்கு. இப்ப போடுற இந்தச் சுத்து பாக்டீரியாவ அடியில சேத்து எடுக்கிற வெறும் அறுவடைதான், இதால ஒண்ணும் ஆகாது, பச்சை ஊறி வர நேரம் பிடிக்கும், அதுக்குள்ள பாத்துடலாம். பாத்துடலாமாம். பாக்கணும்னு தோணுதா, வேண்டாம்னு தோணுதான்னே தெரியல.

கண்ட்ரோலையும் சுத்தினீங்களா. இந்த ஒரே ஒரு வரிதான். நாங்க ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பின கட்டுரைக்கு, அவங்க வச்ச மூணு பேரு கருத்து எழுதினாங்க, முதல் ஆளு நல்லாயிருக்குன்னுட்டாரு, மூணாவது ஆளு அவரோட கட்டுரை நாலஞ்சைச் சேக்கச் சொன்னாரு, நடுவுல உள்ளவரு, பேரு தெரியாது ஊரு தெரியாது, ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாது, ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டாரு. கண்ட்ரோலையும் சுத்தினீங்களா. கோவமா கூட எழுதல. டீக்கடையில பக்கத்துல நிக்கிறவர்கிட்ட மணி கேக்கிற மாதிரி கேட்டிருக்காரு. அன்னையில இருந்து எனக்குச் சோறு இறங்கல. பஸ்ல போனா சக்கரம் கேக்குது, மிக்சி கேக்குது, வாஷிங்மெஷின் கேக்குது, எதெல்லாம் சுத்துதோ அதெல்லாம் கேக்குது. தேவசகாயம் சார்கிட்ட போய் நின்னேன். அவருதான் என் கைடு, இந்த லேபே அவரு கட்டினது, பட்டினி பாக்டீரியான்னா இந்தப் பக்கம் அவரு பேரத்தான் சொல்வாங்க. மூக்குக்கண்ணாடிய நெத்திக்கு ஏத்திகிட்டு, "ஏம்மா மாரிச்செல்வி, கேக்கணும்னு கேக்கிற ஆளும்மா இவரு. சுத்தினாலும் சுத்தாட்டாலும் அதுக்குச் சர்க்கரை இருக்குல்லா? பிறகு எதுக்குப் பட்டினி சிக்னல் வரும்? எழுதிரு, தேவையில்லைன்னு மரியாதையா எழுதிரு"ன்னாரு. எழுதிட்டேன். மரியாதையா எழுதிட்டேன். திங்கக்கிழமை எனக்கு சப்மிஷனுக்கு முந்தின கருத்தரங்கு, கமிட்டி முன்னால பேசணும், பேசிட்டா தீசிஸ் கொடுத்துடலாம், கொடுத்துட்டா ஊருக்குப் போயிடலாம். வாயப் பொத்திகிட்டு இருந்திருக்கணும். யாரு என்னைய இன்னைக்கு வரச்சொன்னா? யாரும் சொல்லல. காலையில நானாத்தான் வந்தேன், நானாத்தான் மூணாவது ட்யூபை எடுத்தேன். எங்க அம்மா சொல்வா, உனக்கு அரிப்பெடுத்த புத்தின்னு. சரியாத்தான் சொல்லியிருக்கா.

விரல் மரத்துப்போச்சு. கைய மாத்தினேன், வலது போய் இடது வந்துச்சு, அந்த ஒரு நொடியில மெஷின் மூச்ச இழுத்துது, நல்லவேளை நிக்கல. அதிர்வு முழங்கை வரைக்கும் ஏறுது, தோள்ல நண்டு ஊர்ற மாதிரி இருக்கு. இதுக்குத்தான் படிச்சியான்னு எங்க அத்தை பாத்தா கேப்பாக. நான் இங்க சேந்த புதுசுல கேட்டாக, நீ அங்க என்னத்தத்தான் செய்யுதன்னு. பாக்டீரியாவுக்குச் சோறு போடாம இருந்தா அது என்ன செய்யும்னு பாக்கேன் அத்தைன்னேன். முறத்துல அரிசி பாத்துகிட்டு இருந்தாக, கை நின்னுபோச்சு. "பாவமுல்லாட்டீ"ன்னாக. பிறகு எல்லார்கிட்டயும் எங்க மருமக பூச்சியப் பட்டினி போட்டுக் கொல்லுதான்னு சொல்லிகிட்டுத் திரிஞ்சாக. கொல்லல அத்தை, அதுதான் விஷயமே, அது சாகாது. எப்படிச் சாகாம இருக்குன்னுதான் பாக்கோம். இதை நான் எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஒருத்தரும் காதுல போட்டுக்கல, ஆனா சொல்லச் சொல்ல எனக்கே ஆசையா இருக்கும். செல்லுக்குள்ள ரைபோசோம்னு ஒண்ணு இருக்கு, புரதம் செய்யுற அடுப்பு. வேணுங்கிற சாமானை ஒவ்வொண்ணாச் சுமந்து வர ஆளு உண்டு, வந்து சேரச் சேர அது பின்னிகிட்டே போகும். சாப்பாடு தீந்துபோனா சாமான் வராது, கை வீசிகிட்டு வெறும் ஆளுதான் வந்து நிக்கும். அடுப்பு அப்படியே நின்னுடும். அந்த இடத்துலதான் ஒரு புரதம் காவல் இருக்கு, வெறுங்கையோட வந்தவனப் பாத்ததும் அது ஒரு சின்ன மூலக்கூறைச் செய்ய ஆரம்பிக்கும், நாங்க அதை அலாரம்னு சொல்லுவோம். அது செல்லு முழுக்கப் பரவும். பரவின உடனே முதல் காரியமா புது அடுப்பு கட்டுறதை நிறுத்தும். இருக்கிற அடுப்புலயும் கொஞ்சத்தை உடைச்சு உள்ளுக்கே எடுத்துக்கும். வளர்ற ஜீனெல்லாம் அடங்கும், தாங்குற ஜீனெல்லாம் முழிக்கும். டி.என்.ஏ.வச் சுருட்டிக் கட்டி வைக்கும், நீளமா இருந்த பாக்டீரியா குட்டையாகி உருண்டையா ஆகும். அதுக்கு மூளை கிடையாது, யாரும் சொல்லிக்கொடுக்கல, ஒரு தப்பும் இல்லாம வரிசையாச் செய்யும். இதை முதல்ல படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. எனக்கு இது பிடிச்சிருக்கு, அதுதான் என் தலையெழுத்து. பிடிக்காம இருந்திருந்தா அந்த ஒரு வரிய வாசிச்சிட்டு தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பேன்.

ஆனா சாருக்கு இது போதாது, அவருக்குக் கதை வேணும். நாங்க பிடிச்ச ஜீன் பட்டினி வந்த உடனே எல்லாத்துக்கும் முந்தி முழிக்குதுன்னு தெரிஞ்சதும் அவரு அதுக்கு வாட்ச்மேன்னு பேரு வச்சாரு. லேப்ல எல்லாரும் வாட்ச்மேன் வாட்ச்மேன்னுதான் சொல்லுவோம், வாட்ச்மேன் எப்படி இருக்காரு, வாட்ச்மேன் இன்னைக்கு லீவான்னு. சிரிப்பாத்தான் இருந்துச்சு. பிறகு ஒரு பத்திரிகைக்காரன் வந்தான். பாக்டீரியாவிடம் சிக்கனம் கற்போம்னு தலைப்பு, சார் கைகட்டி நிக்கிற போட்டோ, பட்டினியைத் தாங்குறவனே பிழைப்பான்னு பெரிய எழுத்துல. அதை எங்க சொந்தக்காரன் அத்தனை பேரும் எனக்கே அனுப்பினான். சித்தப்பா ஒருத்தரு சுகர் மாத்திரை போட்டுகிட்டே விரதம் இருக்கலாமான்னு எனக்குப் போன் போட்டுக் கேக்காரு, நீதானே பட்டினியில டாக்டருங்காரு. சித்தப்பா, தயவுசெஞ்சு சாப்பிடுங்கன்னேன். பாக்டீரியா யாருக்கும் எதையும் கத்துக்கொடுக்கல. அது சிக்கனமா இருக்கணும்னு இல்ல, வேற வழியில்ல. இருக்கிறவன் விரதம் இருக்கிறதும் இல்லாதவன் பட்டினி கிடக்கிறதும் ஒண்ணா? எதைப் பாத்தாலும் அதுல ஒரு பாடத்தப் பிழிஞ்சு எடுக்கிறதே இந்த ஜனங்களுக்கு வேலையாப் போச்சு. என்னையும் பாத்து சார் அப்படித்தான் சொல்லுதாரு, மாரிச்செல்வி அந்த பாக்டீரியா மாதிரி, எதுவும் இல்லாம சாதிப்பான்னு மேடையில சொன்னாரு. எல்லாரும் கை தட்டினான். எனக்கு வந்த எரிச்சலுக்கு மைக்கைப் பிடுங்கியிருப்பேன். எதுவும் இல்லாம சாதிக்க நான் ஒண்ணும் நேந்துகிட்டு வரல சார், மூடி அமுக்க ஒரு ஆளு கொடுங்க, போதும்.

அந்த மூடியில இருந்துதான் இத்தனையும் வந்துச்சு, யோசிச்சுப் பாத்தா. இல்ல, அதுக்கும் முன்னாடி. வடிகட்டியில இருந்து. சார் வெளிநாட்டுல இருந்தப்ப இந்த வேலைக்கு அங்க உள்ளவங்க சுத்தவே மாட்டாங்க. சன்னமான வடிகட்டித் தாள்ல பாக்டீரியாவ ஊத்தினா சத்துத்தண்ணி கீழே போயிடும், பாக்டீரியா தாள் மேல நிக்கும், அதை எடுத்து சர்க்கரை இல்லாத தண்ணியில உதறி விடுவாங்க. கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சிடும், பாக்டீரியாவுக்குத் தொந்தரவே தெரியாது. அதனால கண்ட்ரோலை அப்படியே வச்சாலும் பெருசா ஒண்ணும் குறைஞ்சிடாது. இங்க வந்த பிறகு அந்தத் தாள் வாங்கிக் கட்டுப்படியாகல. அப்ப சார்தான் சொன்னாரு, சுத்திக்கலாம், எல்லாம் ஒண்ணுதான்னு. அன்னைக்கு நாங்க எல்லாரும் தலையாட்டினோம். வடிகட்டிய மாத்தினோம், கண்ட்ரோலை மாத்தல. செய்முறைத் தாள்ல ஒரு சொல்லை அடிச்சு இன்னொரு சொல்லு எழுதினோம், மத்த வரியெல்லாம் அப்படியே இருந்துச்சு. யாருக்கும் தோணல. சுத்தினா என்ன ஆகும்? அத்தனை பாக்டீரியாவும் அடியில ஒண்ணு மேல ஒண்ணா நெருக்கிகிட்டுக் கிடக்கும், ஆடி மாச டவுன்பஸ் மாதிரி. காத்துப் போகாது. உள்ளே இருக்கிறது மூச்சு முட்டிகிட்டு இருக்கும். அதுவும் மெஷினைக் குளிரா வேற வச்சிருக்கோம். அந்த நெருக்கடியில எதுவும்தான் முழிக்கும், பட்டினி எதுக்கு? நாங்க கதவை இடி இடின்னு இடிச்சுட்டு, ஆஹா வாட்ச்மேன் முழிச்சிட்டான், என்ன பொறுப்புன்னு மெச்சிகிட்டு இருந்திருக்கோமோ என்னவோ. இருந்திருக்கோமோ. தெரியாது, இன்னும் தெரியாது, மூணாவது எரியாமலும் போகலாம். எரியக்கூடாது தாயே. சங்கரன்கோவில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடணும்னாக்கூட ரெண்டு கையும் வேணும்.

போன் அடிக்குது. பெஞ்சு ஓரத்துல தடதடன்னு நகந்து நகந்து விழப்போகுது, இவுகதான், வேற யாரு. இடது கையால அமுக்கிகிட்டே வலது கையால எட்டி ஸ்பீக்கர்ல போட்டேன். என் வீட்டுக்காரர் பேரு கோமதிநாயகம், மின்வாரியத்துல வேலை, சங்கரன்கோவில்ல அத்தையோட இருக்காக, எங்க பிள்ள நாச்சியாவும் அங்கதான். நான் இங்க ஹாஸ்டல்ல. மாசத்துல ரெண்டு தடவை போவேன், பஸ்ஸை விட்டு இறங்குறப்ப பிள்ள ஓடி வரும், ஏறுறப்ப அத்தை சேலைக்குள்ள மூஞ்ச வச்சுக்கும், பாக்கவே பாக்காது. "என்ன, சாப்டியா?"ன்னாக. இல்லன்னேன். "என்ன சத்தம் அது?" மெஷின்னேன். "சனிக்கிழமையுமா? எல்லாந்தான் முடிஞ்சுபோச்சுன்னியே." ஒரு சின்ன சோதனை, சும்மா, ஒண்ணும் இல்லன்னேன். "திங்கக்கிழமையோட முடிஞ்சிருமுல்லா?"ன்னாக. நான் பதில் சொல்லுறதுக்குள்ள, "பிள்ள தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்துட்டா, எங்கம்மா இனிமே இங்கதான்னு. பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்டயும் சொல்லியாச்சாம். இந்தா பேசு"ன்னு கொடுத்துட்டாக. மூச்சு விடுற சத்தம் கேக்குது, போன்ல பேசுறப்ப வாயை ஒட்டி வச்சுக்கும். "யம்மா." என்னடா தங்கம்னேன். "உன் பூச்சியெல்லாம் என்ன செய்யுது?" ராட்டினம் சுத்துதுடான்னேன். "சாப்ட்டுட்டா?" ஒண்ணு சாப்பிடல, ரெண்டு சாப்ட்டுட்டுன்னேன். "எல்லாத்துக்கும் சோறு குடுத்துட்டு வந்துரு"ன்னுது. சரிடான்னேன். பிறகு இவுக திரும்ப வந்து என்னமோ சொன்னாக, கேஸ் சிலிண்டரோ என்னமோ, காதுல விழல, வச்சிடுதேன்னு சொல்லி வச்சிட்டேன்.

பொய் சொல்லிட்டேனோ. சொல்லல, ஆனா முழுசும் சொல்லல. முழுசும் எப்படிச் சொல்லுவேன், மூணாவது ட்யூப் எரிஞ்சா இன்னும் ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம் கூட ஆகலாம்னு எந்த வாயால சொல்லுவேன்? வடிகட்டித் தாளுக்கு எழுதிப்போட்டு, வந்து, எல்லாத்தையும் முதல்ல இருந்து செய்யணும், வாட்ச்மேன் எதுக்குத்தான் முழிக்கான்னு புதுசாத் தேடணும். பிள்ளைக்கு அதுக்குள்ள பல்லு விழுந்து முளைச்சிடும். எரியலேன்னா ஒண்ணும் இல்ல, திங்கக்கிழமை நிமிந்து நின்னு பேசலாம், கண்ட்ரோலையும் சுத்திப் பாத்துட்டோம், வித்தியாசம் இல்லன்னு, அந்த முகம் தெரியாத ஆளுக்கும் ஒரு கும்பிடு. எரிஞ்சா. எரிஞ்சா என்ன, யாருக்குத் தெரியும்? சிங்க்ல கொட்டிட்டு ப்ளீச் ஊத்தினா போச்சு. திங்கக்கிழமை பழைய படத்தையே காட்டலாம், அது பொய்யில்லையே, அதுல உள்ள ஒவ்வொரு புள்ளியும் நான் எடுத்ததுதானே. முதல் ட்யூப் எரிஞ்சது உண்மை, ரெண்டாவது எரியாதது உண்மை. ரெண்டு உண்மையப் பக்கத்துல பக்கத்துல வச்சா நடுவுல ஒரு பொய் வந்து எப்படி உக்காருது பாரு. உலகத்துல எத்தனை பேரு இப்படி வாங்கியிருப்பான் பட்டத்த, அவனெல்லாம் நல்லாத்தான் சாப்பிடுதான், நல்லாத்தான் தூங்குதான். எனக்கு மட்டும் என்ன வந்துச்சு? அடுத்தது ரெஹானாவும் இதே வாட்ச்மேனைத்தான் பிடிச்சுகிட்டு இருக்கா, அவ அதுக்கு மேல ஒரு மாடி கட்டுதா, நான் வாயத் தொறக்கலேன்னா அவ கட்டிகிட்டே போவா. அவ வந்து நாளைக்கு என் பெஞ்சுல நின்னு, அக்கா இது சரியாத்தானே இருக்குன்னு கேப்பா. கேக்கத்தான் செய்வா, எல்லாத்தையும் என்கிட்டதான் கேப்பா. சே. என்ன எழவுக்கு நான் இன்னைக்கு வந்தேன்.

ரோட்டர் இறங்குது. சத்தம் குறைய ஆரம்பிச்சா வழக்கமா நிம்மதியா இருக்கும், இன்னைக்கு இன்னும் கொஞ்ச நேரம் சுத்தேன்னு இருக்கு. நின்னுடுச்சு. கைய எடுத்தேன், உள்ளங்கை சிவந்து மூடியோட வரி அப்படியே பதிஞ்சிருக்கு. மூணு ட்யூபையும் எடுத்து மேல நின்ன தண்ணியச் சாய்ச்சேன், அடியில உருண்டை ஒட்டிகிட்டு இருக்கு, சாதா வெளிச்சத்துல எல்லாம் ஒரே மாதிரி மோர் நிறம். முதல் ட்யூப்ல உருண்டை சின்னது, சாப்பிடல, வளரல. மத்த ரெண்டும் தின்னு கொழுத்துப் பெருசா இருக்கு. இருட்டறைக்குள்ள போய் கதவைச் சாத்தி, நீல வெளிச்சத்தைத் தடுக்கிற ஆரஞ்சுக் கண்ணாடியப் போட்டுகிட்டு, மூணையும் ஸ்டாண்டுல வரிசையா நிறுத்தி, நீல விளக்கைப் போடுறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன். பிறகு போட்டேன். ஒண்ணு எரியுது. நடுவுல இருட்டு. மூணாவது எரியுது. ஒரு மங்கலும் இல்ல, ஒரு சந்தேகமும் இல்ல, முதல் ட்யூப் என்ன பச்சையோ அதே பச்சை. விளக்கை அணைச்சுப் போட்டேன், திரும்ப அணைச்சுப் போட்டேன். எரியத்தான் செய்யுது. அழுகை வரும்னு நினைச்சேன், வரல, கோவந்தான் வந்துச்சு, யார் மேலன்னு தெரியாத கோவம், நாலு வருஷத்தையும் சேத்துவச்ச கோவம். வெளியில செருப்புச் சத்தம். யாரும் வரமாட்டாங்கன்னு நினைச்சா இந்த நேரம் பாத்துத்தான் வருவாங்க. "யாரும்மா உள்ளே, மாரிச்செல்வியா?"ன்னு தேவசகாயம் சார் குரல். ஊருக்குப் போகலையா சார்னேன். திங்கக்கிழமை என் கருத்தரங்குக்கு முன்னுரை அவருதான் சொல்லணும், அதுக்கு வச்சிருந்த பென்டிரைவை ரூம்லயே விட்டுட்டாராம். கதவைத் திறந்துகிட்டு வந்துட்டாரு, நான் மறைக்கல, நகரவும் இல்ல.

இன்னொரு ஆரஞ்சுக் கண்ணாடிய எடுத்து அவரு மூக்குக்கண்ணாடிக்கு மேலயே வச்சுகிட்டு குனிஞ்சு பாத்தாரு. எது எதுன்னு கேட்டாரு. முதல்ல பட்டினி சார், நடுவுல நம்ம பழைய கண்ட்ரோல், கடைசியில சுத்தின கண்ட்ரோல்னேன். "லேபிளை மாத்திப் போட்டிருப்பே"ன்னாரு. "மாத்திப் போட்டாலும் ஒண்ணுதானே சார் எரியணும்"னேன். நிமிந்தாரு, திரும்பக் குனிஞ்சாரு. "அப்ப கடைசிக்குச் சர்க்கரை போட மறந்திருக்கே. அதுவும் பட்டினிதான் கிடந்திருக்கு." "உருண்டையப் பாருங்க சார், பட்டினி ட்யூபைவிடப் பெருசு. சாப்பிடாம எப்படி வளரும்?" நான் அடக்கமாத்தான் சொன்னேன், ஆனா குரல் கொஞ்சம் ஏறிடுச்சு. அவரு ட்யூபைக் கையில எடுத்தாரு, விளக்குக்குப் பக்கத்துல கொண்டுபோனாரு, தள்ளிப் பிடிச்சாரு. இவரு எனக்குக் கத்துக்கொடுத்ததுதான் இது, உருண்டையோட அளவைப் பாத்தே வளர்ச்சியச் சொல்றது. அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். கண்ணாடிய கழட்டினாரு, துடைச்சாரு, இருட்டுல எதைத் துடைக்காருன்னு தெரியல. அவரு வாழ்நாள் பூரா இந்தப் பட்டினிக்குப் பின்னாலதான் இருந்தாரு, அது எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, அதுக்காக நான் என்ன செய்யட்டும்னும் இருந்துச்சு. திங்கக்கிழமை, என் பிள்ளை, தெரு முழுக்கச் சொன்னது, எல்லாம் ஒண்ணா ஞாபகத்துக்கு வந்துச்சு. அவரு ட்யூபைத் திரும்ப ஸ்டாண்டுல வச்சாரு, கதவை ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு, குரலை இறக்கி, அப்பா பிள்ளைகிட்ட கேக்கிற மாதிரி மெதுவா, "இதை வேற யாரும் பாத்தாங்களாம்மா?"ன்னாரு.

"நான் பாத்துட்டேன் சார்"னேன்.